அப்பா நாளைக்கு வரும்: எல்லையோரப் பிள்ளைகளுக்கு வினையின் வாலைக் கையில் கொடுப்பது எப்படி?

"அப்பா எங்கே கண்ணு?" என்று கேட்டேன். இரண்டாம் வகுப்புப் பையன், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "பொள்ளாச்சிக்குப் போயி, டீச்சர்."

நான் காத்திருந்தேன். போயி? போயி தேங்காய் விற்றாரா, டாக்டரைப் பார்த்தாரா, பஸ்ஸைத் தவறவிட்டாரா? அவனோ பேசி முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "எப்போ வருவாங்க?" என்றேன். "நாளைக்கு வரும்." அப்பாவை பஸ் ஆக்கிவிட்டுப் பையைத் திறந்து நோட்டை எடுத்தான்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்கும் யாருக்கும் இது புதிதல்ல. வீட்டில் கொங்குத் தமிழ். கடையில், பஸ்ஸில், டிவியில் மலையாளம். பிள்ளைகள் இரண்டையும் தடங்கல் இல்லாமல் பேசுகிறார்கள். தமிழில் எழுதும்போதுதான் வினைச்சொல்லின் வால், அதாவது யார் செய்தது என்று காட்டும் 'ஏன்', 'ஆன்', 'ஆர்' போன்ற கடைசிப் பகுதி, உதிர்ந்துவிடுகிறது. பெரியவர்கள் "கவனமே இல்லை" என்று திட்டுகிறார்கள். கவனம் நன்றாகவே இருக்கிறது. அவன் மலையாளத்தின் விதியைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறான், அவ்வளவுதான்.

மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, பசு வந்நு. யார் வந்தாலும் வினை ஒன்றே. வருந்நு, வரும் என்பவையும் அப்படித்தான். பழைய மலையாளப் பாட்டுகளில் வால் உண்டு. பிறகு அது உதிர்ந்துபோயிற்று. யார் என்பதை எழுவாயே சொல்லிவிடுவதால் அவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. சிக்கல் நமக்குத்தான். அவர்களுடைய 'போயி', 'ஓடி', 'செய்து' அங்கே முடிந்த வினை; நம் காதுக்கு அது எச்சம், பாதியில் நிற்கும் வினை. அவர்களுடைய 'வரும்' எல்லோருக்கும் பொது. எழுத்துத் தமிழில் 'வரும்' என்பது மாட்டுக்கும் மழைக்கும் பஸ்ஸுக்கும்தான்.

இது புரியாத காலத்தில் நான் செய்த காரியம்: ஒரு பெரிய சார்ட் பேப்பரில் வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள் என்று பத்தையும் கலர் கலராக எழுதிச் சுவரில் ஒட்டினேன். தினமும் காலையில் ஒருமுறை ராகம் போட்டு ஒப்பித்தார்கள். அருமையாக ஒப்பித்தார்கள். ஒப்பித்து முடித்த கையோடு ஒருத்தி வந்து, "டீச்சர், அவன் என் பென்சிலை எடுத்து" என்றாள். அன்றைக்குச் சார்ட்டைக் கழற்றினேன்.

அதற்குப் பிறகு பல வருடம் திண்ணையில் செய்து பார்த்து, வேலை செய்ததை மட்டும் வைத்துக்கொண்டதுதான் கீழே இருப்பது. ஆறு வயது முதல் ஒன்பது வயது வரை சரியாக இருக்கும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் விளையாட்டுக்கு வைத்த துணிக் கிளிப்புகளை ஒருவர் காதில் ஒருவர் மாட்டிவிடுவார்கள். மொத்தம் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வாரம் காதைக் கொடுங்கள்

எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, பிள்ளை சொல்வதையும் எழுதுவதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் 'போயி', 'எடுத்து', 'சாப்பிட்டு' என்று தொங்கலில் முடிபவை. இரண்டாவதில் 'அம்மா வரும்', 'மாமா தரும்' வகை. மூன்றாவதில் 'ஆடுகள் வந்தது', 'இலைகள் விழுந்தது'.

மூன்றாவது பத்தி மலையாளத்தின் வேலை இல்லை. அது நம்முடையது. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் வளர்கிற பிள்ளையும் "ஆடெல்லாம் வந்துச்சு" என்றுதான் சொல்லும். பேச்சுத் தமிழில் 'வந்தன' என்ற சொல்லே கிடையாது. ஆகவே அதை எந்தப் பிள்ளைக்கும் புதுச் சொல்லாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மறந்த ஒன்றை நினைவூட்டுவது போல நடத்தினால் நடக்காது. எந்தப் பத்தி நிறைகிறதோ அந்தப் படியில் அதிக நாள் செலவிடுங்கள்.

இரண்டு முறம்

வால் மாட்டுவதற்கு முன்னால் யாருக்கு மாட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். இரண்டு முறத்தை வைத்து ஒன்றில் 'யார்?' என்றும் மற்றதில் 'எது?' என்றும் சீட்டு எழுதிப் போடுங்கள். பிறகு வீட்டையே கொட்டுங்கள்: புளியங்கொட்டை, சாவி, பொம்மை, தாத்தாவின் போட்டோ, கோழி இறகு, பால்காரர் என்று எழுதிய சீட்டு, சாமி படம். பிள்ளை ஒவ்வொன்றையும் எடுத்து "இது யார்?" என்று கேட்பதா "இது எது?" என்று கேட்பதா என்று முடிவுசெய்து முறத்தில் போட வேண்டும். உயர்திணை, அஃறிணை என்ற சொற்கள் இப்போது வேண்டாம். பின்னால் வகுப்பில் புத்தகம் சொல்லும்போது "அட, நம்ம முறம்!" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சண்டை வரும். வரட்டும். சாமி 'யார்' முறத்தில்தான் என்று உடனே ஒத்துக்கொள்வார்கள். பேய் எந்த முறம் என்று என் திண்ணையில் ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது. 'குழந்தை' உண்மையிலேயே வழுக்கும் சொல்: ஒரு குழந்தை என்றால் "குழந்தை அழுதது", பல குழந்தைகள் என்றால் "குழந்தைகள் விளையாடினார்கள்". அதை நடுவில், இரண்டு முறத்துக்கும் இடையே வைத்துவிடுவேன்.

சாக்பீஸ் வட்டம்

முற்றத்தில் மூன்று வட்டம். ஒன்று 'நான்', எதிரே 'நீ', கொஞ்சம் தள்ளி 'அவன், அவள்'. எதையும் முதலில் செய்ய வேண்டும், பிறகுதான் சொல்ல வேண்டும். 'நான்' வட்டத்தில் நிற்பவள் ஒரு குதி குதித்து, நெஞ்சைத் தொட்டு, "நான் குதித்தேன்." எதிரே இருப்பவனைப் பார்த்துக் கை நீட்டி, "நீ குதித்தாய்." தள்ளி நிற்பவனை விரல் காட்டி, "அவன் குதித்தான்." வட்டத்துக்குள் இன்னொருத்தி ஓடி வந்து சேர்ந்துகொண்டால் உடனே "குதித்தோம்" ஆக வேண்டும்.

இடம் மாறி மாறி நிற்க வையுங்கள். அதே குதி, அதே பிள்ளை. நிற்கிற இடம் மாறினால் சொல்லின் கடைசி மாறுகிறது. இதை வாயால் விளக்க முயன்றால் அரை மணி நேரம் ஆகும். வட்டத்தில் மூன்றாவது சுற்றிலேயே பிடித்துவிடுவார்கள். 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு இந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டமே இல்லை. மலையாளத்திலும் நம்மள், ஞங்ஙள் என்று இரண்டு உண்டு. வினைக்கு இரண்டுக்கும் ஒரே 'ஓம்'தான், ஆகவே நிற்காமல் தாண்டிவிடலாம்.

கிளிப்பும் பத்திரிகை அட்டையும்

இதுதான் முக்கியமான படி. இரண்டு வாரம் கொடுங்கள்.

துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் பத்து வேண்டும், முடிந்தால் வேறு வேறு நிறத்தில். பழைய கல்யாணப் பத்திரிகைகள் வேண்டும். அந்த அட்டை போலக் கிளிப்பைத் தாங்குகிற அட்டை கடையில்கூடக் கிடைப்பதில்லை. பத்திரிகையை நீளவாக்கில் வெட்டி வெள்ளைப் பக்கத்தில் வினையின் உடலை எழுதுங்கள். கிளிப்பின் மேல் சின்னச் சீட்டு ஒட்டி வாலை எழுதுங்கள்.

இங்கே இரண்டு தவறுகளை நான் செய்தேன். நீங்கள் செய்ய வேண்டாம்.

ஒன்று, கிளிப்பில் 'ஆன்', 'ஆள்', 'ஏன்' என்று எழுதியது. இலக்கணப்படி அதுதான் விகுதி. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு 'வந்த்' என்ற அட்டையும் 'ஆன்' என்ற கிளிப்பும் கண்ணுக்குச் சேராது. 'வந்த்ஆன்' என்று வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். அதனால் வெட்டும் இடத்தை ஓர் எழுத்து முன்னால் தள்ளுங்கள். அட்டையில் 'வந்'. கிளிப்பில் 'தான்'. மாட்டினால் 'வந்தான்', பார்த்தவுடன் வாசிக்கலாம்.

இரண்டாவது, ஓடு, பாடு, ஆடு என்று தொடங்கியது. எல்லோரும் இந்த மூன்றில்தான் தொடங்குகிறார்கள், விளையாட்டாக இருக்கிறதே என்று. ஓடினான், ஓடினாள் வரை ஒழுங்காகப் போகும். மாடு வந்தவுடன் 'ஓடியது', மாடுகள் வந்தால் 'ஓடின'. உடலே மாறுகிறது, கிளிப் மாட்ட இடமில்லை. 'போ' அதைவிட மோசம். முதல் இரண்டு வாரத்துக்குத் தகர வரிசை வினைகள் மட்டும் போதும்: வந், நடந், விழுந், குதித், சிரித், படித், எடுத், கொடுத். இந்த எட்டு அட்டைக்கும் பத்துக் கிளிப்பும் அப்படியே பொருந்தும்: தேன், தோம், தாய், தீர்கள், தான், தாள், தார், தார்கள், தது, தன.

தகர வரிசையில் எழுதியதால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கிளிப்பைக் கையில் எடுத்த ஒரு சின்னவள், "டீச்சர், இது தேன்!" என்று கத்தினாள். சரிதானே. வந்தேனில் தேன் இருக்கிறது. வந்தாயில் தாய் இருக்கிறாள். வந்தாளில் தாள். வந்தாரில் வாழைத்தார், நேந்திரங்குலை தொங்குகிற ஊரில் அதை விளக்க வேண்டியதே இல்லை. அன்றைக்கே கிளிப்பில் படம் வரைந்துவிட்டோம்: தேனுக்கு ஒரு தேனடை, தாய்க்கு ஒரு புடவைக்காரி, தாளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. 'நான்' என்றால் தேன், 'நீ' என்றால் தாய், இப்படி ஒரு ஜோடி மனதில் உட்கார்ந்துவிட்டது. தது, தன இரண்டுக்கும் படமில்லை. அவை 'எது' முறத்தின் வாலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாட்டுத்தலை வரைந்தோம்.

விளையாட்டு இப்படி. ஒருவன் வெளியே போய், கதவு வழியாக ஒரு வேஷத்தில் நுழைகிறான்: கைத்தடி ஊன்றிய அப்புச்சி (அம்மாவின் அப்பா), தலையில் கூடை வைத்த பூக்காரி, நான்கு காலில் வரும் மாடு. மற்றவர்கள் 'வந்' அட்டைக்குச் சரியான கிளிப்பைத் தேடி மாட்டி, உயர்த்திக் காட்டி, முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். பேசாமல் கிளிப்பை மட்டும் காட்டினால் கணக்கில் சேராது.

ஐந்தாறு நாளில் ஒரு புதுத் தவறு முளைக்கும்: "அப்புச்சி வந்தான்." பதறாதீர்கள், திட்டவும் திட்டாதீர்கள். இதற்கு முன் வாலே இல்லாமல் பேசியவன் இப்போது ஆண் என்றால் 'தான்' என்று விதி கண்டுபிடித்திருக்கிறான். அது வளர்ச்சி. "வீட்டில அப்புச்சி வந்தாங்கன்னு சொல்லுவியா, வந்தான்னு சொல்லுவியா?" என்று மட்டும் கேளுங்கள். நாக்கைக் கடித்துக்கொள்வான். வீட்டில் 'வந்தாங்க' என்று சொல்லும் ஆளுக்கு எழுத்தில் வாழைத்தார். ஒரே ஆள் என்றால் தார், பல பேர் என்றால் தார்கள். அம்மாவுக்கு மட்டும் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். 'அம்மா வந்தா' என்கிற வீட்டுப் பிள்ளை 'வந்தாள்' என்று எழுதட்டும், 'வந்தாங்க' என்கிற வீட்டுப் பிள்ளை 'வந்தார்' என்று எழுதட்டும். இரண்டும் சரி.

கடைசிப் பெட்டி

இனி 'போயி'. இதுதான் எல்லையோரத்தின் தனி நோய், இதற்கு மருந்து ரயில்.

பாலக்காடு ஜங்ஷனில் ரயில் பார்த்த பிள்ளைகளிடம், கடைசிப் பெட்டியின் முதுகில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். பெரிய பெருக்கல் குறி. அது எதற்கு? ரயில் ஒரு நிலையத்தைத் தாண்டும்போது ஊழியர் கடைசிப் பெட்டியைப் பார்ப்பார். அதன் அடையாளம் தெரிந்தால் ரயில் முழுதாக வந்துவிட்டது. தெரியாவிட்டால் பின்னால் எங்கோ பெட்டி கழன்று நிற்கிறது என்று அர்த்தம். இந்தக் கதையைச் சொன்னால் பையன்கள் கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

தீப்பெட்டிகளைச் சேருங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொல். முன்னும் பின்னும் நூல் கொக்கி. எழுவாய்தான் எஞ்சின். 'போயி', 'வாங்கி', 'எடுத்து', 'சாப்பிட்டு' ஆகிய பெட்டிகளுக்குப் பின்னால் கொக்கி உண்டு, பெருக்கல் குறி கிடையாது. 'வந்தார்', 'வந்தாள்', 'கொடுத்தேன்' பெட்டிகளுக்குப் பின்னால் கொக்கி கிடையாது, சிவப்பு மையில் பெருக்கல் குறி உண்டு.

ஒரு பிள்ளை ரயில் கட்டுகிறான்: அப்பா, பொள்ளாச்சிக்கு, போயி. நிறுத்துகிறான். மற்ற பிள்ளைகள் நிலையத்து ஊழியர்கள். அவர்கள் கத்த வேண்டியது ஒரே சொல்: "அப்புறம்?" கொக்கி தொங்கிக்கொண்டிருக்கிறதே! இன்னொரு பெட்டி மாட்டுகிறான்: தேங்காய். இன்னொன்று: விற்று. "அப்புறம்?" மிட்டாய். வாங்கி. "அப்புறம்?" வந்தார். பெருக்கல் குறி வந்தது, எல்லோரும் பச்சைத் துணியை ஆட்டுகிறார்கள், ரயில் போகலாம்.

"அப்பா பொள்ளாச்சிக்குப் போயி தேங்காய் விற்று மிட்டாய் வாங்கி வந்தார்." இந்த வாக்கியத்தில் வினை நான்கு, வால் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். அந்த ஒற்றை 'ஆர்' எஞ்சினில் இருக்கிற அப்பாவோடு பேசுகிறது. எஞ்சினை மாற்றிப் பாருங்கள்: அப்பாவை எடுத்துவிட்டு 'நான்' வைத்தால் நடுவில் எந்தப் பெட்டியும் மாறாது, கடைசிப் பெட்டி மட்டும் 'வந்தேன்' ஆகும். ரயிலைத் தரையில் வைத்து எஞ்சினையும் கடைசிப் பெட்டியையும் மாற்றி மாற்றிச் செய்யும்போது எழுவாய்க்கும் பயனிலைக்கும் என்ன உறவு என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. (எழுதும்போது 'போயி' என்பது 'போய்' ஆக வேண்டும் என்பதை நான் இங்கே சொல்வதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வால்.)

இந்த விளையாட்டுக்குப் பிறகு திருத்துவதும் சுலபம். எப்போதாவது ஒருத்தி "அக்கா கடைக்குப் போயி" என்று நிறுத்தினால் நான் புருவத்தைத் தூக்கி "அப்புறம்?" என்பேன். அவ்வளவுதான். "போயிட்டா டீச்சர்!" என்று வந்துவிடும். சில நாளில் பிள்ளைகளே ஒருவரை ஒருவர் "அப்புறம்? அப்புறம்?" என்று விரட்டுகிறார்கள். வீட்டில் பெரியவர்களையும் விரட்டுவதாகப் புகார் வந்தது.

பஸ் வரும், அப்பா வருவார்

எதிர்காலத்துக்குத் தனிக் கிளிப் ஒரு செட் செய்யுங்கள். இம்முறை வகர வரிசை: வேன், வோம், வாய், வீர்கள், வான், வாள், வார், வார்கள். வாய், வான், வாள் என்று இதிலும் படங்கள் ஓடி வரும். வினை அட்டைகள்: வரு, விழு, அழு, ஓடு, பாடு. முன்பு ஒதுக்கிவைத்த ஓடும் பாடும் இங்கே சமர்த்தாக நடந்துகொள்ளும்.

'எது' முறத்துக்கு இங்கே கிளிப்பே கிடையாது. 'வரும்', 'விழும்', 'ஓடும்' என்று முழு அட்டையாக எழுதி வையுங்கள். ஒருமை பன்மை வித்தியாசமும் இல்லை: மாடு வரும், மாடுகளும் வரும். பிறகு திண்ணையை பஸ் ஸ்டாப் ஆக்குங்கள். நாளைக்கு யார், எது வரப்போகிறது? ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்துக் கத்த வேண்டும். மழை வரும். பஸ் வரும். மாமா வருவார். பூனை வரும். டீச்சர் வருவார். மலையாள வாடையில் யாராவது "மாமா வரும்" என்றால், மாமா சீட்டை வைத்திருப்பவன் பஸ் போல ஹாரன் அடித்துக்கொண்டு திண்ணையைச் சுற்றி ஓட வேண்டும் என்பது எங்கள் சட்டம். மாமாவை பஸ் ஆக்கும் ஆசையில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்பவர்களும் உண்டு. வேண்டுமென்றே தப்புச் செய்யத் தெரிந்தவனுக்குச் சரியானது தெரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மாங்காய், ஒரு கூடை மாங்காய்

முதலமடை மாந்தோப்புகள் பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு மாங்காய். உங்களுக்குப் புளியங்கொட்டை போதும். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பித்தளைத் தட்டில் ஒரு கொட்டையைப் போடுங்கள், டங். "கொட்டை விழுந்தது." ஒரு கைப்பிடியைச் சரியுங்கள், சடசடவென்று. "கொட்டைகள் விழுந்தன." காதால் எண்ணிக் கிளிப்பை எடுக்க வேண்டும், தது அல்லது தன. மூன்று நாள் போதும்.

இரண்டு எச்சரிக்கை. பேச்சில் 'விழுந்துச்சு' என்பதைத் திருத்தாதீர்கள். 'விழுந்தன' எழுத்துக்கு மட்டும். சட்டையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவது போல என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். அடுத்து, "பத்து மாங்காய் விழுந்தது" என்று ஒரு பிள்ளை எழுதினால் சிவப்பு மை வேண்டாம். 'கள்' இல்லாத அஃறிணைப் பெயர் ஒருமையாகவும் பன்மையாகவும் நிற்கலாம். மாடு வந்தது, மாடு வந்தன இரண்டையும் பழைய இலக்கணமே ஒத்துக்கொள்கிறது. 'கள்' ஒட்டியிருந்தால் 'அன' வர வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். இதைச் சொன்ன மறுநாள் "ஆசிரியர்கள் வந்தன" என்று ஒருவன் எழுதுவான். முறத்தைக் காட்டுங்கள்.

நானும் நீயும் என்றால் 'ஓம்', நீயும் அவளும் என்றால் 'ஈர்கள்', அவனும் அவளும் என்றால் 'ஆர்கள்', ஆடும் மாடும் என்றால் 'அன'. இதைச் சாக்பீஸ் வட்டத்தில் கை கோத்து நிற்க வைத்து ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

கிளிப் மாட்டாத இடங்கள்

கிளிப் பழகிய கைக்கு எல்லாவற்றிலும் மாட்ட ஆசை வரும். "நான் வரவில்லேன்" என்று எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. "எனக்கு மாம்பழம் பிடிக்கிறேன்" என்பதும். 'வரவில்லை', 'வேண்டும்', 'தெரியும்', 'பிடிக்கும்' ஆகியவற்றை வழவழப்பான பிளாஸ்டிக் அட்டையில் எழுதி வைத்தேன். கிளிப் வழுக்கி விழும். எனக்கு, உனக்கு, அவனுக்கு என்று 'கு' போட்டு வரும் ஆளோடு கடைசிப் பெட்டி பேசாது, அவ்வளவு சொன்னால் போதும். மலையாளத்திலும் எனிக்கு விசக்குந்நு (எனக்குப் பசிக்கிறது), எனிக்கு வேணம் என்று இதே கதைதான். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. என் வகுப்பில் ஒருத்தி வீட்டில் லட்சுமி என்ற பசு. "லட்சுமி கன்னு போட்டாள்" என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவன் உடனே, "டீச்சர், மாடு எது முறம்!" என்றான். அவன் சொன்னது சரி. அவள் எழுதியதும் சரி. பிரியத்தால் மாட்டை மனுஷியாகச் சொன்னால் அது தவறில்லை என்று இலக்கணம் வழுவமைதி என்று பெயர் வைத்தே இடம் கொடுத்திருக்கிறது. "உன் வீட்டு மாட்டுக்குப் பேர் இருக்கா?" என்று அவனிடம் கேட்டேன். இல்லையாம். "அப்போ உன் மாடு கன்று போட்டது, அவ வீட்டு லட்சுமி கன்று போட்டாள்." அடுத்த நாள் அவன் மாட்டுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு வந்தான்.

ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கு

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் இருப்பவர்கள் இதே வரிசையில் போனால் நேரம் வீணாகும். தெலுங்கில் வால் உண்டு. 'போயி' சிக்கல் அங்கே இந்த அளவு வராது. ஆனால் வால் பிரிந்திருக்கும் இடம் வேறு. வாடு வச்சாடு என்று ஆணுக்குத் தனி வால். ஆமெ வச்சிந்தி, அதி வச்சிந்தி: பெண்ணுக்கும் பசுவுக்கும் ஒரே வால். தெலுங்கு அடர்ந்த தெருவில் வளரும் தமிழ்ப் பிள்ளை "அக்கா வந்தது" என்றால் காரணம் இது. பன்மையில் வச்சாரு, வச்சாயி என்று நம்மைப் போலவே மனிதரும் மற்றவையும் பிரிந்துவிடுவதால், தடுக்கி விழும் இடம் ஒருத்தி வரும்போதுதான்.

அங்கே ரயிலை விட்டுவிட்டு முறத்தில் நேரம் செலவிடுங்கள். இரண்டு முறத்துக்குப் பதில் மூன்று: அவன், அவள், அது. எது முறத்திலிருந்து அவளைத் தூக்கி அவளுக்கென்று ஒரு முறம் வைப்பதுதான் வேலை. கிளிப்பில் 'தாள்', 'தது' இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கா, ஆடு, பாட்டி, பஸ் என்று மாற்றி மாற்றி ஒரு வாரம் விளையாடினால் போதும். பாட்டிக்கு மட்டும் தார். நகரிப் பக்கம் டியூஷன் எடுக்கும் என் சித்தி மகள் இதைத்தான் செய்கிறாள்.

நோட்டில் எப்படித் திருத்துவது

தவறான சொல்லை அடித்துச் சரியானதை மேலே எழுதினால், பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிட்டு மறந்துவிடும். நான் எழுவாயின் கீழ் ஒரு கோடு, வினையின் கீழ் ஒரு கோடு, இரண்டையும் சேர்த்து ஒரு வளைவு போடுவேன். எஞ்சினும் கடைசிப் பெட்டியும். மீதியை அவர்களே பார்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று வளைவுக்கு மேல் போடுவதில்லை. எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை எல்லாவற்றையும் அன்றைக்கே சுற்றினால் நோட்டு சிவந்துபோகும், பிள்ளை அடுத்த நாள் இரண்டு வரிதான் எழுதும்.

பேச்சில் அதுவும் வேண்டாம். "அம்மா நாளைக்கு வரும்" என்றால், "ஓ, அம்மா வருவாங்களா? எந்த பஸ்ல?" என்று சரியானதைக் கேள்வியில் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். பதிலில் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், பத்தில் ஏழு முறையாவது. தமிழோடு விளையாடியதற்கு ஓர் உபரி லாபமும் உண்டு: ஆங்கில வகுப்பில் 'ஹி' வந்தால் வினைக்கு ஓர் 'எஸ்' வாலாக வருகிறது என்று சொன்னபோது, "ஒரே ஒரு கிளிப்தானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்கள்.

ஆறாவது வாரக் கடைசியில் ஒரு தபால் அட்டையைக் கையில் கொடுத்து, ஊரில் இருக்கும் பாட்டிக்கு "நேற்று வீட்டில் நடந்தது, நாளை நடக்கப்போவது" என்று எட்டு வரி எழுதச் சொல்லுங்கள். முதல் வாரத்து நோட்டில் குறித்த மூன்று பத்தியை அருகில் வைத்துப் பாருங்கள். தொங்கல்கள் அநேகமாகப் போயிருக்கும். 'வரும்' ஓரிரண்டு இருக்கும். 'அன' இன்னும் தடுமாறும், அதற்கு இன்னொரு வருடம் கொடுக்கலாம்.

அப்புறம், ஓணம் லீவு. பத்து நாள் மலையாளக்காரச் சிநேகிதர்களோடு பூக்களம் போட்டு, ஊஞ்சல் ஆடி, பாயசம் குடித்துவிட்டு வருவார்கள். வந்த அன்றைக்கு வாசலில் நின்றே "டீச்சர், தம்பி கீழ விழுந்து" என்பார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த கிளிப்புகளை எடுத்துத் தரையில் கொட்டுங்கள். மூன்று நாள் ஆகும்.